குருத்து வெளுத்த மக்காச்சோளம்: மண்ணிலிருந்து மாவு வரை

விதைத்து 18ஆம் நாள். ஐந்தாறு இலை விட்டிருந்த மக்காச்சோளத்தின் குருத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். புதிதாக வந்த இலையின் அடிப்பாதி வெள்ளையாக இருந்தது. மஞ்சள் என்றுகூடச் சொல்ல முடியாது, காகித நிறம். நடு நரம்பு பச்சை, விளிம்பு பச்சை, நுனி பச்சை. நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவே, இரண்டு பக்கமும் பட்டையாக மட்டும் நிறம் போயிருந்தது. பக்கத்துச் செடியிலும் அதேதான். பத்தடி தள்ளிப் போனால் செடிகள் நன்றாக இருந்தன. அதற்கும் அப்பால் மறுபடி வெள்ளை.

வெளுப்பு என்றாலே தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்று நினைத்துக்கொண்டு யூரியா போட்டேன். உண்மையில் அது துத்தநாகக் (ஜிங்க்) குறை என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து நாள் காத்திருந்தேன். கீழ் இலைகள் கரும்பச்சையாக மாறின. குருத்து வெளுத்தபடியே இருந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறுகி, செடி இலைகளை அடுக்கி வைத்தாற்போல் குட்டையாக நின்றது. அந்தப் பத்து நாளை நான் வீணாக்கியிருக்கக் கூடாது. கதிரில் எத்தனை வரிசை மணி வரும் என்பதை மக்காச்சோளம் அந்த இளம் பருவத்தை ஒட்டித்தான் தீர்மானிக்கிறது.

தழைச்சத்துக் குறை முதலில் கீழ் இலையில் தெரியும். நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சள் உள்ளே இறங்கும். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் முதலில் மஞ்சளாவது கிழட்டு இலை. துத்தநாகத்தை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. அதனால் அடி வாங்குவது குருத்து. இரும்புச்சத்துக் குறையும் குருத்தில்தான் வரும், ஆனால் அதில் இலை முழு நீளத்துக்கும் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் மெல்லிய கோடு கோடாக இருக்கும். துத்தநாகக் குறையில் கோடு இல்லை, அகலமான பட்டை. அதுவும் இலையின் அடிப்பாதியில். சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை என்றால் கீழ் இலையின் விளிம்பு கருகும். எந்த இலை, இலையின் எந்தப் பகுதி என்ற இரண்டையும் பார்த்துவிட்டு உர மூட்டையைத் தொட்டிருந்தால் அந்த யூரியா மிச்சமாகியிருக்கும்.

திட்டுத் திட்டாக ஏன் வந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. முந்தைய ஆண்டு நிலத்தைச் சமன் செய்தோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினோம். வெள்ளைக் குருத்து வந்த திட்டுகளை நடந்து பார்த்தால், ஒவ்வொன்றும் மண் வெட்டி எடுத்த இடம். மக்கு உள்ள மேல்மண் போய், சுண்ணாம்புக் கற்கள் கலந்த வெளிர் மண் வெளியே தெரிந்தது. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, சமன் செய்தபின் மேலே பரப்பியிருக்க வேண்டும். நிலம் சமன் செய்யப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதை முதலில் சொல்கிறேன்.

மண் பரிசோதனைக்கு வெளுத்த திட்டிலிருந்து ஒரு மாதிரியும் நல்ல இடத்திலிருந்து ஒரு மாதிரியும் தனித்தனியாக எடுத்தேன். இரண்டையும் கலந்து கொடுத்திருந்தால் சராசரிதான் வந்திருக்கும், குறை மறைந்துபோயிருக்கும். வெளுத்த திட்டின் கார அமில நிலை (பிஎச்) 8.3, அதாவது கார மண். துத்தநாகம் 0.4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.4 பங்கு. டிடிபிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலால் பிரித்து அளக்கும் முறை இது. லிண்ட்சே, நார்வெல் என்ற இருவர் 1978இல் வெளியிட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆய்வகங்களில் இதுதான் நடைமுறை. மண்ணையும் பயிரையும் பொறுத்து எல்லைக்கோடு மாறும் என்றாலும், 0.6 பிபிஎம்முக்குக் கீழே போனால் மக்காச்சோளம் தாங்காது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. துத்தநாகக் குறையைத் தாங்க முடியாத பயிர்களில் மக்காச்சோளம் முதல் வரிசையில் இருக்கிறது. துத்தநாகம் இல்லாமல் பயிர் வளராது என்பதை 1914 வாக்கில் பிரான்சில் மாசே என்ற ஆய்வாளர் கண்டதும் மக்காச்சோளத்தில்தான்.

மண்ணில் துத்தநாகமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இருப்பது கரையவில்லை. கார அமில நிலை ஒரு எண் கூடினால் மண்ணில் துத்தநாகத்தின் கரைதிறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும். 7.3 உள்ள மண்ணுக்கும் 8.3 உள்ள மண்ணுக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

அறிக்கையில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு எண். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறி இருந்தது. ஒவ்வொரு போகத்திலும் கணக்குப் பார்க்காமல் அடியுரமாக, மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைப் போட்டு வந்திருக்கிறோம். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் செடிக்குப் போவது குறையும். வேரோடு ஒட்டி வாழ்ந்து துத்தநாகத்தை எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சையும் மணிச்சத்து மிகுந்த மண்ணில் குறைந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் டிஏபியைக் கரைத்துத் தெளிய விடுங்கள். இன்னொன்றில் துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட். இரண்டும் தெளிந்த நீராக இருக்கும்போது ஒன்றை மற்றொன்றில் ஊற்றுங்கள். பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டு, கட்டி கட்டியாக அடியில் இறங்கும். மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக மாறிவிட்டன. நான் முதல் முறை செய்து பார்த்தபோது டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முன்பு ஒரு போகத்தில் இரண்டையும் ஒரே வாளியில் கலந்து வயலில் இறைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய துத்தநாகத்தை நானே பூட்டி வைத்த கதை அது.

இதே டம்ளர் சோதனை இன்னொன்றுக்கும் உதவும். மெக்னீசியம் சல்பேட் பார்க்க அச்சு அசலாக ஜிங்க் சல்பேட் போலவே இருக்கும், விலையும் குறைவு. அதைக் கலந்து விற்கும் வழக்கம் உண்டு. மெக்னீசியம் சல்பேட்டாக இருந்தால் டிஏபி நீரோடு சேரும்போது அந்தக் கட்டித் திரட்சி வராது. சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆனால் மூட்டையைப் பிரித்தவுடன் ஒரு சிட்டிகை எடுத்து இப்படிப் பார்த்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சரி, நின்ற பயிரை எப்படிக் காப்பாற்றினேன் என்று சொல்கிறேன். அந்த நேரத்தில் மண்ணில் போட்டால் வேலை செய்ய நாளாகும். இலைவழித் தெளிப்புதான் ஒரே வழி. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், அதாவது 0.5 சதவீதம். அதோடு 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிய வைத்து வடிகட்டிய நீர். ஜிங்க் சல்பேட் கரைசல் புளிப்புத் தன்மை உடையது. சுண்ணாம்பு அதைத் தணிக்கும். முதல் நாள் அவசரத்தில் சுண்ணாம்பு சேர்க்காமல், அதுவும் நல்ல வெயிலில், நாலு வரிசை அடித்தேன். மறுநாள் அந்த நாலு வரிசையிலும் இலை நுனிகளில் தீய்ந்த புள்ளிகள். மற்ற வரிசைகளுக்குச் சுண்ணாம்பு சேர்த்து மாலையில் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு மனம் தளரக் கூடாது. ஒரு வாரத்தில் குருத்திலிருந்து வரும் அடுத்த இலையைப் பாருங்கள். அது அடியிலிருந்தே பச்சையாக வந்தால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு எட்டாம் நாள் தெரிந்தது. பரிசோதனை அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் பத்துப் பதினைந்து செடிகளில் மட்டும் இப்படி அடித்துப் பார்க்கலாம்.

அடுத்த போகத்தில் அடியுரமாகவே போட்டேன். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட். கடையில் இரண்டு வகை இருக்கும். பளபளக்கும் படிகமாக இருப்பது ஹெப்டாஹைட்ரேட், அதில் துத்தநாகம் 21 சதவீதம். பொடியாக இருப்பது மோனோஹைட்ரேட், 33 சதவீதம். 10 கிலோ படிகமும் 6.5 கிலோ பொடியும் ஏறத்தாழ ஒரே அளவு துத்தநாகம் தரும், அதாவது 2.1 கிலோ. பையில் போட்டிருக்கும் சதவீதத்தைப் படிக்காமல் மொத்த எடையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது தவறு. மண்ணில் துத்தநாகம் விழுந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. ஆகவே கடைசி உழவில், காய்ந்த மணலோடு கலந்து சீராகத் தூவி, மண்ணோடு கலந்துவிட்டேன். டிஏபியை வேறொரு நாள், விதை வரிசைக்குப் பக்கத்தில், அதுவும் பழைய அளவில் பாதி.

இந்த 2.1 கிலோவை யோசித்துப் பாருங்கள். ஒரு கிலோ மக்காச்சோள மணியில் துத்தநாகம் 20 முதல் 25 மில்லிகிராம்தான் இருக்கும். ஏக்கரில் 3 டன் மணி விளைந்தாலும் மணியோடு வெளியே போவது 60 முதல் 75 கிராம். ஒரு கைப்பிடி. நாம் போட்டதில் பெரும்பகுதி மண்ணில் பிடிபட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த இரண்டு மூன்று பயிர்களுக்குக் கிடைக்கும். அதனால் போகத்துக்குப் போகம் போட வேண்டியதில்லை. நல்லது என்பதற்காக அள்ளிக் கொட்டினால் இரும்பும் தாமிரமும் செடிக்குப் போவது தடைப்படும். சென்ற முறை முதல் ஜிங்க் சல்பேட்டைப் பத்து மடங்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல், நிழலில் ஒரு மாதம் மூடி வைத்துப் போடுகிறேன். மண் அதைப் பூட்டி வைக்கும் வேகம் இதனால் குறையும். சுண்ணாம்பு மண் உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

முதன்முதலில் அடியுரமாகப் போட்ட அந்தப் போகத்தில் நான் செய்த உருப்படியான வேலை, வெட்டிய திட்டின் நடுவே ஆறு வரிசைக்குத் துத்தநாகம் போடாமல் விட்டதுதான். மற்ற உரம், தண்ணீர், விதை எல்லாம் ஒன்றே. இப்படி விடுவதற்கு மனசு வராது. ஆனால் விடாவிட்டால் மகசூல் கூடியது துத்தநாகத்தாலா மழையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அறுவடையில் இரண்டு பக்கமும் அடுத்தடுத்த 50 செடிகளின் கதிரை உடைத்துக் காயவைத்து, மணி பிரித்து எடை போட்டேன். போட்ட பக்கம் 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். போடாத பக்கம் 4.8 கிலோ. மண் வெட்டாத நல்ல இடத்திலும் இதே ஒப்பீடு செய்தேன். அங்கே வித்தியாசம் தராசில் தெரியவே இல்லை. குறை இருந்த இடத்தில்தான் துத்தநாகம் வேலை செய்தது. குறை இல்லாத நிலத்தில் நுண்ணூட்டக் கலவையை வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

இதைச் சொல்லும்போது போரான் என்ற இன்னொரு நுண்ணூட்டத்தின் விஷயமும் நினைவுக்கு வருகிறது. ஒரு போகத்தில் கதிர்களில் நடுநடுவே மணி பிடிக்காமல் பல் விழுந்தது போல இருந்தது. போரான் குறை, உடனே போடுங்கள் என்று உரம் விற்றவர் சொன்னார். போரான் குறைந்தால் மணி பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கதிரில் பட்டு முடி வெளிவந்த வாரத்தில் எங்களுக்குத் தண்ணீர் தட்டுப்பாடு. வெயிலில் முடி காய்ந்தால் மகரந்தம் ஒட்டாது, மணியும் பிடிக்காது. பரிசோதித்தால் மண்ணில் போரான் போதுமானதாகவே இருந்தது. போரானில் குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது. அறிக்கை கையில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

விளைச்சல் கணக்கோடு நான் நின்றிருப்பேன். நிறுத்தவிடாமல் செய்தது அக்கா கேட்ட ஒரு கேள்வி. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து குறிக்கும் வேலை அவளுக்கு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்ப்பவள். மணியை அள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ மண்ணுல போட்ட ஜிங்க் இதுக்குள்ள வந்திருக்கா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மனிதருக்குத் துத்தநாகம் குறைந்தால் வளர்ச்சி நின்றுபோகும் என்பதை ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் ஈரானிலும் எகிப்திலும் கண்டறிந்தார். தானியத்தையே பெரிதும் நம்பி உண்டு, வயதுக்கு மிகக் குட்டையாக நின்றுபோன இளைஞர்களை அவர் பார்த்தார். பயிருக்கும் அதே குறைதான், அதே குட்டைதான். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை.

அவள் கேட்டதற்கு நேர்மையான பதில்: விளைச்சலைக் கூட்டும் அளவுக்கு மண்ணில் போடும் துத்தநாகம், மணியில் உள்ள அளவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. செடி நன்றாக வளர்ந்து மணி கூடும்போது, கிடைத்த துத்தநாகம் அத்தனை மணிக்கும் பங்கு போகிறது. மணிக்குள் ஏற்ற வேண்டுமானால் இலையில் தெளிக்க வேண்டும், அதுவும் கதிர் பிடித்த பிறகு. துருக்கியின் மத்திய அனதோலியாவில் 1990களில் இஸ்மாயில் சாக்மாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் கோதுமையில் இதைத் தொடங்கினார்கள். கோதுமை இலைத் தெளிப்பை மணிக்குள் நன்றாக ஏற்றிக்கொள்கிறது. மக்காச்சோளம் அந்த அளவுக்கு ஏற்றுவதில்லை, கூடுதல் மிதமாகத்தான் இருக்கும். இரும்பு இன்னும் பிடிவாதம். மண்ணில் எவ்வளவு கொட்டினாலும் மணிக்குள் ஏறாது.

உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் இன்னொரு சத்தான செலினியம் மட்டும் எளிதில் ஏறும். பின்லாந்து 1980களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் உரத்திலேயே செலினியத்தைச் சேர்த்து மக்களின் குறையைப் போக்கியது. மக்காச்சோளமே உயிர்நாடியான ஆப்பிரிக்க நாடு மலாவியில் செலினிய உரம் போட்டு விளைவித்த மாவை உண்டவர்களின் இரத்தத்தில் செலினியம் கூடியதை ஒரு கள ஆய்வு காட்டியது. ஆனால் செலினியம் தனி விவசாயி கையில் எடுத்துப் போடக்கூடியது அல்ல. அளவு கிராமில், மிகுந்தால் நஞ்சு.

நான் பட்டு முடி வந்து ஒரு வாரத்திலும், பால் பிடிக்கும் பருவத்திலுமாக இரண்டு துத்தநாகத் தெளிப்பு கொடுக்கிறேன். முடி வந்து மூன்று வாரம் கழித்து மணியை நகத்தால் கிள்ளினால் பால் போல வரும், அதுதான் அந்தப் பருவம். தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் புகுந்து தெளிப்பது கடினம். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இறங்கக் கூடாது. மகரந்தம் உதிரும் காலையை விட்டு மாலையில் அடிக்கிறேன். விற்பனைக்கு விளைவிப்பவருக்கு இதில் கூடுதல் வருமானம் இல்லை. வீட்டுக்கு ஒதுக்கும் பகுதிக்கு மட்டும் செய்கிறேன்.

அப்புறம் மாவு. மணியில் உள்ள தாதுச்சத்தில் 80 சதவீதம் வரை அந்தச் சிறு முளைக்கருவில் இருக்கிறது. எடையில் அது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். முளை நீக்கி, வெள்ளை வெளேரென்று அரைக்கும் ஆலையில் கொடுத்தால், இரண்டு மாதம் பாடுபட்டு ஏற்றியது தவிட்டோடு போய்விடும். முழு மணியாக அரைக்கிறோம். முளைக்கருவில் எண்ணெய் உண்டு என்பதால் அந்த மாவு சீக்கிரம் சிக்கடித்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்கிறோம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே முளைக்கருவில் பைட்டிக் அமிலம் என்ற பொருளும் உண்டு. அது துத்தநாகத்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலுக்குச் சேர விடாது. மக்காச்சோளத்தில் உள்ள பைட்டிக் அமிலத்தில் பெரும்பகுதி நீரில் கரையக்கூடியது. மாவைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஏறத்தாழ பாதி வெளியேறுவதை மலாவியில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மாவைப் புளிக்க வைப்பதும், மணியை முளைகட்டுவதும் அதே வேலையைச் செய்யும். அக்காவுக்கு மிகவும் பிடித்தது இந்தச் செய்திதான். இதற்கு உரம் வேண்டாம், ஒரு பாத்திரம் போதும். மறுநாளே தான் பார்க்கும் தாய்மார்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இந்தப் போகத்தில் இன்னொன்றும் செய்து பார்க்கிறேன். விதையை 1 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரம் உலர்ந்ததும் விதைப்பது. பாகிஸ்தானில் விவசாயிகளின் நிலங்களில் 2007க்கு முன்பு சோதித்துப் பலன் கண்ட முறை. செலவு மிகக் குறைவு. மருந்து பூசிய விதையை ஊறவைக்கக் கூடாது, அதனால் பூசாத விதையாகத் தேடி வாங்கினேன். எட்டு வரிசைக்கு மட்டும். பக்கத்து எட்டு வரிசைக்கு வெறும் தண்ணீரில் ஊறிய விதை, தண்ணீரே பலன் தந்ததா துத்தநாகமா என்று பிரித்துத் தெரிய வேண்டுமே.

சென்ற அறுவடையில் தெளித்த பகுதியின் மணியையும் தெளிக்காத பகுதியின் மணியையும் தனித்தனிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுக்குச் சிவப்புக் கயிறு, ஒன்றுக்கு வெள்ளைக் கயிறு. இரண்டிலிருந்தும் அரைக் கிலோ எடுத்து, துத்தநாக அளவைப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அக்கா வாரம் ஒரு முறை கேட்கிறாள்: "வந்துச்சா தம்பி?"